கந்தகச் சேர்மங்களும் படிகத்தின் சாட்சியும்

கந்தகம் அடங்கிய கரிமச் சேர்மங்களின் தொகுப்பு குறித்தும் அவற்றின் படிக அமைப்பு குறித்தும் எழுத வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். துறை வளர்ந்த கதையும் ஆசான்களின் பெருமையும் இம்மலரை விரிப்போர் அறிந்தவையே; நேரே பொருளுக்குப் போகிறேன். நம்மிடையே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சேர்மத்தை உருவாக்குவது ஒரு தொழில், படிக அமைப்பைக் காண்பது வேறொரு தொழில், முதலாவது முடிந்தபின் இரண்டாவது முத்திரை குத்திக் கொடுக்கும் சடங்கு என்பதே அந்த எண்ணம். வேறு சேர்மங்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம், கந்தகத்துக்குப் பொருந்தாது. கந்தகம் வேதிவினைகளால் விசாரிக்கும்போது நழுவும் தனிமம். அதே கந்தகத்தை எக்ஸ் கதிரின் முன் நிறுத்தினால் ஒளிந்துகொள்ள அதற்கு இடமில்லை. இவ்விரு குணங்களும் ஒரே அணுவில் கூடியிருப்பதால், தொகுப்பவரின் கேள்வி எதுவோ அதற்கான சாட்சியைப் படிகமே வைத்திருக்கிறது. இதுவே என் வாதம்.

கந்தகத்தைப் பற்றி எழுதும் தமிழன் சித்தர்களை வணங்காமல் தொடங்குவது முறையாகாது. ரசத்தைச் சிவத்தின் கூறாகவும் கந்தகத்தைச் சக்தியின் கூறாகவும் கண்டு, இரண்டும் கூடும் இடத்தில் மருந்து பிறக்கிறது என்று நம்பிய மரபு நம்முடையது. சாதிலிங்கம் என்ற செந்நிறப் பொருள் அந்தக் கூட்டின் கண்கண்ட வடிவம். இன்றைய வேதியியல் அதை மெர்குரிக் சல்ஃபைடு என்கிறது. நெய்யில் உருக்கிப் பசும்பாலில் ஊற்றிக் கழுவி எடுக்கும் கந்தகச் சுத்தி முறையைக் கவனித்தால், தூய்மை இல்லாத பொருளை ஆய்ந்து பயனில்லை என்ற ஒழுக்கம் தெரிகிறது. மூலக்கூறின் அமைப்பை அவர்கள் அன்றே கண்டுவிட்டார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. கந்தகத்தின் சேர்க்கைக் குணத்தை உணர்ந்ததே அவர்களுக்குப் போதிய பெருமை; அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிப்பது பக்தியாகாது.

இனி, கந்தகம் நழுவும் விதத்தைப் பார்ப்போம். பென்சீனோடு ஐசாட்டினையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்தால் நீல நிறம் வரும். அது பென்சீனுக்கே உரிய சோதனை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1882இல் சூரிச்சில் விக்டர் மேயர் வகுப்பில் அந்தச் சோதனையைச் செய்துகாட்டியபோது நீலம் வரவில்லை. அன்று பயன்பட்டது நிலக்கரித் தாரிலிருந்து வந்த பென்சீன் அன்று. பென்சாயிக் அமிலத்திலிருந்து தயாரித்த தூய பென்சீன். நீலத்துக்குக் காரணமானது தாரிலிருந்து வந்த பென்சீனில் கலந்திருந்த கந்தக வளையம் என்பதை மேயர் கண்டார், அதுதான் தயோஃபீன். பென்சீன் 80 டிகிரியிலும் தயோஃபீன் 84 டிகிரியிலும் கொதிப்பதால், காய்ச்சி வடித்தவர் எவருக்கும் அது தனியே சிக்கவில்லை. வாலன்ஸிலும் இதே வழுக்கல் உண்டு: சல்ஃபைடில் 2, சல்ஃபாக்சைடில் 4, சல்ஃபோனில் 6. கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் நின்றால் தயோன். அருகிலுள்ள நைட்ரஜனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் நகர்ந்து வந்தால் தயோல். தாளில் எழுதும் வாய்பாடு இந்த இரண்டில் எதை வேண்டுமானாலும் காட்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1886இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ், தவிட்டில் இருக்கும் தயமினின் அமைப்பை 1936இல் தீர்த்துத் தொகுத்தும் காட்டினார். தயாசோல் வளையத்தில் கந்தகம் கொண்ட அந்த வைட்டமினின் அமைப்பு, வேதியியலின் வழியிலேயே தெளிவானது. படிக ஆய்வு எங்கே தேவைப்பட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே அதிர்ஷ்டமாக ஒரு கத்தி கிடைத்தது: சல்ஃபைட்டு சேர்த்தால் தயமின் நடுவே இரண்டாகப் பிளந்து, பிரிமிடின் பாதியும் தயாசோல் பாதியும் சிதையாமல் தனித்தனியே வந்தன. மூலக்கூறு நேர்மையாக உடையும் இடத்தில் வேதியியல் வெல்லும். உடையும்போதே உருமாறும் மூலக்கூறு வந்தால் என்ன செய்வது?

பெனிசிலின் அப்படிப்பட்டது. கந்தகப் படிகவியலுக்கு என் வேதநூல் எது என்று கேட்டால், 1949இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘பெனிசிலினின் வேதியியல்’ என்ற ஆயிரம் பக்கத் தொகுப்பையே சொல்வேன். போர்க்காலத்தில் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் நடந்த வேலை முழுவதும் அதில் இருக்கிறது. தோற்ற வழிகளையும் மறைக்காமல் வைத்திருப்பது அதன் சிறப்பு. ஆக்ஸ்ஃபோர்டுக் குழு முதலில் எழுதிய வாய்பாட்டில் கந்தகமே கிடையாது. 1943இல்தான் அது தெரிய வந்தது. தெரிந்த பின்னும் அமைப்பு பிடிபடவில்லை. நீர்த்த அமிலம் பட்டால் பெனில்லிக் அமிலம், காரம் பட்டால் பெனிசிலோயிக் அமிலம், பாதரச உப்போடு நீராற்பகுத்தால் பெனிசிலமின். வினைக்கு வினை ஒரு துண்டு கிடைத்தது. அந்தத் துண்டுகள் மூல அமைப்பைக் காட்டுகின்றனவா, உடையும்போது பிறந்தவையா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கந்தகத்தோடு கூடிய தயசோலிடின் வளையம் உண்டு என்பதில் ஓரளவு உடன்பாடு இருந்தது. அதோடு ஒட்டி நிற்பது நான்கு அணு வளையமான பீட்டா லாக்டமா, ஐந்து அணு வளையமான ஆக்சசோலோனா என்பதில் ஆப்ரஹாமும் செயினும் ஒரு பக்கம், நோபல் பரிசு பெறவிருந்த ராபர்ட் ராபின்சன் மறு பக்கம். நான்கு அணு வளையம் அவ்வளவு இறுக்கமாக நெளிந்து ஒரு மருந்தில் நிற்கும் என்பதை நம்ப ராபின்சன் தயாராக இல்லை. அன்றைய வேதியியலை வைத்துப் பார்த்தால் அவருடைய ஐயம் அபத்தமும் அன்று.

டாரத்தி ஹாட்ஜ்கினும் பார்பரா லோவும் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சில் பெனிசிலினின் பொட்டாசியம், ருபீடியம் உப்புகளை எடுத்துக்கொண்டார்கள். பன்னும் டர்னர்-ஜோன்சும் நார்த்விச்சில் சோடியம் உப்பை எடுத்துக்கொண்டார்கள். பொட்டாசியத்தில் 19 எலக்ட்ரான், ருபீடியத்தில் 37; படிகம் ஒன்றுபோல் இருக்க, உலோகம் மட்டும் மாறுவதால் கட்டத்தைக் கணிக்க ஒரு பிடி கிடைத்தது. முதலில் மூலக்கூறு நீண்டு கிடக்கும் என்று நினைத்துக் கணக்கிட்டார்கள், ஒத்துவரவில்லை. உண்மையில் அது சுருண்டு கிடந்தது. ஃபூரியே கூட்டலுக்கு பீவர்ஸ்–லிப்சன் அட்டைப் பட்டைகள், பின்னர் துளையட்டை இயந்திரங்கள். எலக்ட்ரான் அடர்த்தியின் சமக்கோடுகளைக் கண்ணாடிபோன்ற பெர்ஸ்பெக்ஸ் தகடுகளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். 1945இல் விடை வந்தது: நான்கு அணு வளையமே. கந்தகமும் உலோகமும் அடர்த்திப் படத்தில் உயர்ந்து நின்றன. அவற்றை நம்பித்தான் மற்ற அணுக்களுக்கு முகவரி எழுதப்பட்டது. ஜான் ஷீஹன் எம்.ஐ.டி.யில் பெனிசிலின் வி-யைத் தொகுத்துக் காட்டியது 1957இல். அமைப்பு தெரிந்த பிறகும் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது என்றால், தெரியாமல் தொகுக்கப் போயிருந்தால் எத்தனை ஆண்டு என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

எக்ஸ் கதிரின் முன் கந்தகம் ஏன் ஒளிய முடியவில்லை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். கார்பனில் 6, கந்தகத்தில் 16. பேட்டர்சன் 1934இல் தந்த வரைபடத்தில் இரண்டு அணுக்களின் எலக்ட்ரான் எண்ணிக்கைப் பெருக்கமே சிகரத்தின் உயரம். கார்பன்–கார்பன் சிகரம் 36 என்றால் கந்தகம்–கந்தகம் 256. இதைவிட நுட்பமானது முரண் சிதறல். சாதாரணமாக எதிரெதிர்ப் பிரதிபலிப்புகள் சம ஒளிர்வு கொண்டவை. வலக்கை மூலக்கூறையும் இடக்கை மூலக்கூறையும் படிகம் வேறுபடுத்திச் சொல்லாது. தாமிரக் கதிரை (1.54 ஆங்ஸ்ட்ராம்) கந்தகத்தின் உள் எலக்ட்ரான்கள் சற்றே உறிஞ்சுவதால் அந்தச் சமநிலை குலைகிறது. ஆக்சிஜனில் இந்த விளைவு 0.03 எலக்ட்ரான் அளவே. கந்தகத்தில் அரை எலக்ட்ரானுக்கு மேல். இந்த வேறுபாட்டைக் கொண்டு 1951இல் பைவட் குழுவினர் டார்ட்டரேட்டின் உண்மையான கைத்தன்மையைக் கண்டார்கள். அங்கே முரண் சிதறலுக்குத் துணை நின்றது ருபீடியம். முரண் சிதறலைக் கட்டச் சிக்கலைத் தீர்க்கும் வழியாக வகுத்தவர்களுள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் எஸ். ராமனும் முன்னணியில் நிற்கிறார்கள். 1956இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அவர்கள் எழுதியதைக் கிண்டி வளாகத்தைக் கடந்து செல்லும் ஒவ்வொரு படிகவியல் மாணவரும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1981இல் ஹெண்ட்ரிக்சனும் டீட்டரும் கிராம்பின் என்ற விதைப் புரதத்தை அதிலுள்ள 6 கந்தக அணுக்களின் முரண் சிதறலை மட்டும் துணையாகக் கொண்டு தீர்த்தார்கள். வயிற்றுப் புளிப்புக்கு வீடு தோறும் விழுங்கும் எசோமெப்ரசோலில் கைத்தன்மை தாங்குவது கார்பன் அன்று, சல்ஃபாக்சைடின் கந்தகமே. அத்தகைய மருந்துக்கு 1983இல் ஃபிளாக் வகுத்த அளவுரு பூச்சியத்துக்கு அருகில் வந்தால் அமைப்பு சரி, ஒன்றுக்கு அருகில் வந்தால் ஆடியில் தெரியும் உரு.

பெரிய எடுத்துக்காட்டுகள் போதும். நம் ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பதைச் சொல்கிறேன். ஆல்டிஹைடையும் தயோசெமிகார்பசைடையும் எத்தனாலில் கரைத்து, சில துளி அசிட்டிக் அமிலம் விட்டு ரிஃப்ளக்ஸ் செய்தால், நீர் நீங்கித் தயோசெமிகார்பசோன் படியும். எளிய வினை என்று இதை ஏளனம் செய்ய வேண்டாம். போருக்குப் பின் டோமாக் குழுவினரின் முயற்சியால் காசநோய் மருந்தான தயாசெட்டசோன், அசிட்டமிடோபென்சால்டிஹைடின் தயோசெமிகார்பசோன்தான். சேத்துப்பட்டில் இயங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் அதை ஐசோனியாசிடோடு சேர்த்துத் தென்னிந்திய நோயாளிகளுக்கு வீட்டிலேயே கொடுத்துப் பார்த்த முடிவுகளை 1966இல் வெளியிட்டது. அதன் தோல் எதிர்விளைவுகள் பின்னாளில் அதைப் பின்தள்ளின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தகைய சேர்மத்தின் கரைசலை மூடி லேசாகத் துளையிட்டு வைத்தால் சில நாளில் ஊசிகளோ தட்டுகளோ விழும். அவற்றில் கால் மில்லிமீட்டர் அளவுள்ள ஒன்றைக் குறுக்கு முனைவாக்கிகளின் நடுவே வைத்துச் சுழற்றும்போது, 90 டிகிரிக்கு ஒருமுறை முழுவதும் ஒருசேர இருண்டால் அது ஒற்றைப் படிகம். ஒரு மூலை மட்டும் மினுங்கினால் இரட்டைப் படிகம், ஒதுக்க வேண்டியது. அமைப்பு தீர்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கார்பன்–கந்தக நீளம். ஒற்றைப் பிணைப்பு 1.82 ஆங்ஸ்ட்ராம் வரை வரும், இங்கே 1.68-ஐ ஒட்டி வந்தால் தயோன். ஹைட்ரஜனை எக்ஸ் கதிர் மங்கலாகவே பார்க்கும், அதன் பிணைப்பைக் குறைத்தும் காட்டும். ஆகவே தயோனா தயோலா என்ற வழக்கில் ஹைட்ரஜனைக் கேட்காமல் கந்தகத்தைக் கேட்பதே முறை. உலோகத்தோடு சேர்ந்து புரோட்டானை இழந்தால் அதே பிணைப்பு 1.72 அல்லது 1.75 என நீள்வதைக் காணலாம். நைட்ரஜன்–ஹைட்ரஜன்–கந்தகம் என்ற பிணைப்பில் நைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் இடையே 3.3 முதல் 3.5 ஆங்ஸ்ட்ராம்; ஆக்சிஜனோடு வரும் பிணைப்பைவிட நீளம், வலுவும் குறைவு. ஆனாலும் இரண்டு மூலக்கூறுகளை எதிரெதிராக நிறுத்தி எட்டணு வளையமாகக் கோக்க அது போதுகிறது.

என்.எம்.ஆர். கருவியும் நிறைநிரலும் இருக்கும் காலத்தில் இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கரைசலில் எடுக்கும் என்.எம்.ஆர். கரைசலைப் பற்றியே பேசும். மாத்திரையில் இருப்பது திடப்பொருள். இரண்டு தயாசோல் வளையங்களைக் கொண்ட எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் சந்தைக்கு வந்த இரண்டாண்டில், 1998இல், கரைதிறன் குறைந்த புதிய பல்லுருவில் படிந்து, கேப்சூல்களைத் திரும்பப் பெற வைத்தது. கரைத்து எடுத்த நிரலில் பழைய உருவும் புதிய உருவும் ஒன்றே. மனநோய் மருந்து ஓலன்சபைனைத் தயாரிக்கும் வழியில் வரும் ஒரு தயோஃபீன் சேர்மத்தை ஆங்கிலத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றின் முதலெழுத்தைக் கூட்டி ராய் என்று அழைக்கிறார்கள். அதில் மூலக்கூறு ஒன்றே. தயோஃபீன் பக்கத்துக்கும் நைட்ரோஃபீனைல் வளையத்துக்கும் இடையிலான முறுக்கம் சிவப்பில் ஏறத்தாழ 22 டிகிரி, மஞ்சளில் 105. நிறமே அமைப்பைச் சொல்கிறது. ஆனால் அந்த டிகிரியைச் சொல்ல விளிம்பு விளைவு வேண்டும்.

மற்றொரு மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வரும்: படிகத்தில் உறைந்திருக்கும் தயோன் வடிவம், உடலில் கரைந்தபோதும் அப்படியே நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இது முழு நியாயம். கரைசலில் தயோலும் சிறிதளவு இருக்கலாம். புரதத்தோடு சேரும் வேளையில் மூலக்கூறு வேறாகத் திரும்பலாம். ஒற்றைப் படிகம், குடுவையிலுள்ள முழுப்பொருளுக்கும் பிரதிநிதியல்ல என்பதும் சரியே. இதற்காகப் படிகத்தைத் தள்ள வேண்டியதில்லை. தீர்த்த அமைப்பிலிருந்து கணித்த தூள் நிரலை, குடுவைப் பொருளில் அளந்த தூள் நிரலோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும், அல்லது உறுதிப்படும். அரை நாள் வேலை அது. நம் ஆய்வேடுகளில் அதைத் தவிர்த்துவிட்டுப் பிணைப்பு நீளங்களின் அட்டவணையை மட்டும் அச்சிடும் பழக்கம்தான் படிக ஆய்வைச் சடங்காக்கியது.

ஆகவே இளையோருக்கு ஒன்று சொல்வேன். ஓல்கா கென்னர்டு 1965இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் தரவகத்தில் இன்று பத்து லட்சத்துக்கும் மேல் அமைப்புகள் உள்ளன. உங்கள் தயோசெமிகார்பசோனை வரைந்து அதில் தேடுங்கள். கார்பன்–கந்தக நீளம் எங்கே குவிகிறது, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். உங்கள் மதிப்பு விலகி நின்றால் முதலில் படிகத்தைச் சந்தேகியுங்கள், பிறகு வினையைச் சந்தேகியுங்கள். தொகுத்த கைகளே முனைவாக்கியின் அடியில் படிகத்தையும் தேர்ந்தெடுக்கட்டும். அளவீட்டுக்கு வேறு ஊர்க் கருவி மையத்துக்கு அனுப்ப நேர்ந்தாலும், அமைப்பைத் தீர்க்கும் வேலையை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.