ஓர் எண்ணின் வரலாறு: சிறுநீரகத் திறன் கணக்கிடப்பட்ட கதை

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவ்வெண் பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதன்று. ஒரு சூத்திரத்தால் கணக்கிடப்படுவது. அச்சூத்திரம் பிறந்து வளர்ந்த வரலாறு ஆசிரியரும் பெற்றோரும் அறியத்தக்கது.

தசைகளில் உண்டாகும் கழிவுப்பொருள் கிரியேட்டினின். சிறுநீரகம் அதனை வடிகட்டி வெளியேற்றுகிறது. திறன் குறைந்தால் அது இரத்தத்தில் தேங்கும். 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டறிந்த வேதிவினை, பின்னாளில் அதனை அளக்கும் முறைக்கு அடிப்படையாயிற்று. ஆயினும், வடிகட்டும் திறனை அறிய 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்க வேண்டியிருந்தது. ஒருவேளைச் சிறுநீர் தவறினாலும் கணக்குப் பிழைக்கும்.

1976இல் கனடாவின் காக்கிராஃப்டும் கால்ட்டும் எளிய வழி கண்டனர். 140இலிருந்து வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, 72ஆலும் கிரியேட்டினின் அளவாலும் வகுக்க வேண்டும். வயது 60, எடை 72 கிலோ, கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் எனில், விடை நிமிடத்திற்கு 80 மில்லிலிட்டர். ஆனால், அவர்கள் ஆராய்ந்த 249 பேரில் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். பெண்களுக்கு 15 விழுக்காடு குறைத்துக்கொள்ளலாம் என்பது ஓர் அனுமானமே.

1999இல் அமெரிக்காவில் 1,628 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு புதிய சூத்திரம் வந்தது. அதில் கறுப்பினத்தவர்க்கு மட்டும் விடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூட்டப்பட்டது. அவர்களுக்குத் தசைத்திரட்சி மிகுதி என்று காரணம் கூறப்பட்டது. விளைவு என்ன? திறன் 20 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்திற்கான காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். மற்றவர்க்கு 20 எனக் காட்டிய கணக்கு, அவர்களுக்கு 24 எனக் காட்டியது. ஒரு பெருக்கெண் நோயாளிகளை வரிசைக்கு வெளியே நிறுத்தியது! 2009இல் வந்த சூத்திரமும் அப்பெருக்கெண்ணை முழுமையாகக் கைவிடவில்லை. 2021இல்தான் இனக்குறிப்பற்ற சூத்திரம் வெளியானது. 2023 முதல், பாதிக்கப்பட்டோரின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தும் விதி அங்கு நடைமுறைக்கு வந்தது.

பெற்றோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இச்சூத்திரங்கள் பெரியவர்களுக்கு உரியவை. குழந்தைகளுக்கு உயரத்தை அடிப்படையாகக் கொண்ட வேறு சூத்திரம் உண்டு. மேலும், ஒருமுறை எண் குறைந்ததாலேயே நோய் உறுதியாவதில்லை. பாதிப்பு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா என்பதை மருத்துவர் ஆராய்வார்.

சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடை காண மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அச்சூத்திரம் யாரை அளந்து உருவாக்கப்பட்டது என்று கேட்கவும் கற்பிப்போம்.