மேசையின் இரு புறங்கள்: ருஷ்ய எழுத்தரும் பூலேயின் உழவனும்

1817 நவம்பர் 5 அன்று காட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றது. காட்கியை அடுத்த போபோடி உள்ளிட்ட புணே வட்டாரம் விரைவிலேயே கும்பினி ஆட்சிக்குள் வந்தது. ஆட்சி மாறிய பின்னும் கணக்கு எழுதிய கைகள் பெரிதும் மாறவில்லை. கலெக்டர் ஐரோப்பியர், மாம்லேதார், குல்கர்ணி, கச்சேரி எழுத்தர் ஆகியோர் பெரும்பாலும் பிராமணர். அக்கச்சேரியின் வாசலில் காத்து நின்றவனின் பார்வையிலிருந்து எழுந்த நூல், ஜோதிராவ் பூலே 1883இல் எழுதிய 'ஷேத்கர்யாச்சா ஆசூட்' (உழவனின் சாட்டை).

அதே 1883இல் ருஷ்யாவில் செகாவின் 'ஓர் அரசு ஊழியரின் மரணம்' வெளியாயிற்று. நாடக அரங்கில் தும்மி, முன்னே அமர்ந்திருந்த உயரதிகாரியின் மீது எச்சில் தெறிக்கச் செய்த சிறு ஊழியர் ஒருவர், ஓயாமல் மன்னிப்புக் கேட்டு, இறுதியில் விரட்டப்பட்டு, அச்சத்தாலேயே இறந்துபோகிறார். 1722இல் முதலாம் பீட்டர் வகுத்த 14 பதவிப் படிகள் மனிதனை எவ்வளவு சிறுக்க வைத்தன என்பதை அக்கதை காட்டுகிறது. 1842இல் வெளிவந்த கோகலின் 'மேலங்கி'யும் அத்தகைய ஓர் எழுத்தரின் துயரமே.

இந்த இரக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. கோகல் பீட்டர்ஸ்பர்க்கில் சிறிது காலம் எழுத்தராகப் பணியாற்றியவர். அதிகார வர்க்கத்தைக் கடுமையாக எள்ளிய சால்திகோவ்-ஷெட்ரின் துணை ஆளுநராக இருந்தவர். அவர்கள் அலுவலகத்தை உள்ளிருந்து கண்டனர். கோகலின் 'அரசு ஆய்வாளர்' (1836) நாடகத்தில் வணிகர்கள் மனுவோடு வந்தாலும், மேடையின் நடுவில் நிற்பவர்கள் அதிகாரிகளே.

பூலேயின் நூலில் நடுவில் நிற்பவன் உழவன். எழுத்தறியாத அவனுக்குப் பத்திரமும் சம்மனும் புரியாத குறிகள். அவற்றைப் படித்துச் சொல்பவனே அவனிடம் கையூட்டுப் பெறுகிறான். சோம்பலால் பொறுப்பைக் கைவிட்ட ஐரோப்பிய அதிகாரியையும் பூலே விட்டுவைக்கவில்லை. ருஷ்யாவில் பதவி மனிதனை விழுங்கியது என்றால், இங்கே பதவியும் சாதியும் ஒன்றையொன்று காத்தன. எனவே எழுத்தருக்காகக் கண்ணீர் சிந்த அந்நூலில் இடமில்லை.

இந்நூலை வெளியிடத் தொடங்கிய 'தீனபந்து' இதழே முதல் இரு பகுதிகளோடு நிறுத்திக்கொண்டது. சத்தியசோதக இயக்கத்தின் சொந்த ஏடும் அஞ்சியது என்பது அந்நூலின் கூர்மைக்குச் சான்று.

1952இல் பு. ல. தேஷ்பாண்டே கோகலின் நாடகத்தை 'அம்மல்தார்' என மராத்தியாக்கினார். அதிகாரியைக் கண்டு சிரிக்கும் கலை அவ்வாறு மராத்தி மேடை ஏறியது. ஆயினும் அதிகாரம் பற்றிய வரலாற்றை எழுதுவோர், சிரிப்போடு சாட்டையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கச்சேரி ஆவணங்கள் யாவும் எழுத்தரின் கையால் எழுதப்பட்டவை. எதிரே நின்றவனின் பதிவுகளோ மிகச் சில.