பள்ளிக்கூடம் திறக்கும் மாதம்

ஜூன் மாதம் பிறந்து, மேல்காற்று தென்னந்தோப்புகளை உலுக்கத் தொடங்கி, குற்றாலத்தில் அருவி விழுந்துவிட்டது என்ற செய்தி ஊருக்கு ஊர் பரவுகின்ற நாட்களிலேதான், இரண்டு மாத காலம் பூட்டிக் கிடந்த நமது உயர்நிலைப் பள்ளிகளின் கதவுகளும் திறக்கின்றன. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதும் மழைக்காற்று வீசுவதும் ஒருங்கே நிகழக் கண்டு வளர்ந்த நமக்கு, ஏதோ பருவங்களைப் படைத்த இயற்கையே இந்த ஏற்பாட்டையும் செய்துவைத்தது போன்றதொரு பிரமை உண்டாவது சகஜம். ஆனால், ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வழக்கத்திற்கு வயது நூறு ஆண்டுகளைச் சற்றே கடந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு முன்னே நமது பிள்ளைகள் வேறு மாதங்களில், வேறு வாசல்களில், வேறு விதமான சடங்குகளோடு கல்வியை ஆரம்பித்தார்கள். அந்த மாற்றத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தால், மாதம் மாறிய கதைக்குள்ளே, வாசலில் யார் நிற்க முடிந்தது, யார் நிற்க முடியாமற் போயிற்று என்ற மற்றொரு கதையும் மறைந்திருப்பது புலப்படுகிறது.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நிலவிய காலத்திலே கல்வியாண்டு என்ற ஒன்றே கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது ஆயிற்றென்றால், விஜயதசமியன்றோ, ஜோசியர் குறித்துக் கொடுத்த வேறொரு சுபதினத்திலோ, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியின்மீது உபாத்தியாயர் அப்பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை வரைவித்து, மஞ்சள் பூசிய சுவடியைக் கையிலே கொடுத்து, 'அரி நமோத்து சிந்தம்' என்று சொல்லவைத்து வித்தியாரம்பம் செய்துவைப்பார். அன்றைக்கே அந்தப் பிள்ளையின் ஆண்டு தொடங்கிவிடும். பக்கத்திலே மணலில் எழுதிக்கொண்டிருக்கும் மற்றொரு பிள்ளையின் ஆண்டு எப்பொழுதோ தொடங்கியிருக்கும். ஒருவன் எண்சுவடியில் இருப்பான், ஒருவன் ஆத்திசூடியில் இருப்பான், தேறியவன் சட்டாம்பிள்ளையாக நின்று இருவரையும் மேய்ப்பான். விடுமுறையும் சந்திரனைப் பார்த்தே வந்தது: அமாவாசையும் பௌர்ணமியும் 'வாவு' என்ற பெயரால் பிள்ளைகளுக்கு இன்பந்தரும் நாட்களாயிருந்தன. உபாத்தியாயருக்குக் கிடைத்த ஊதியமோ பெரும்பாலும் தானியமும் காய்கறியும் பண்டிகைக்காசுமே. நவராத்திரி வந்துவிட்டால், அவர் தம் மாணாக்கரை அலங்கரித்து வீடு வீடாக அழைத்துச் சென்று பாடவைத்து, அவ்வீட்டார் மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்வார். இந்த உலகத்தை உள்ளிருந்தே கண்டு எழுதிவைத்த உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைப் படித்தவர்களுக்கு, அந்தத் திண்ணையின் சப்தங்களும் பிரம்பின் பயமும் இன்றைக்கும் அண்மையில் இருப்பனவாகவே தோன்றும்.

அந்தத் திண்ணைகளை அற்பமாக எண்ணுவது தகாது. சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுப்பித்த கணக்கின் முடிவை 1826இல் வெளியிட்டபோது, ராஜதானி முழுவதிலுமாக 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகத் தெரியவந்தது. எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளின் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நமது பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்தி, மூத்த மாணாக்கனே இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பிரசித்தி பெற்றது. ஆயினும் மன்றோவின் கணக்கிலேயே மற்றொரு எண்ணும் இருக்கிறது: அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. திண்ணையின் புகழைப் பேசுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையாகும்.

உயர்நிலைப் பள்ளி என்ற புதிய ஸ்தாபனம் நம் நாட்டில் வேரூன்றியது இதன் பிறகுதான். 1841இல் சென்னையில் 'ஹைஸ்கூல்' என்ற பெயருடன் பவல் துரையின் தலைமையில் தொடங்கிய பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விச் சாசனமும், 1857இல் பிறந்த சென்னைச் சர்வகலாசாலையும், அது நடத்திய மெட்ரிகுலேஷன் பரீட்சையுமாகச் சேர்ந்து, ஒரு பிள்ளை எப்பொழுது பள்ளியில் சேரவேண்டும், எப்பொழுது வகுப்பு மாறவேண்டும் என்பதைப் பஞ்சாங்கத்தின் கையிலிருந்து எடுத்துப் பரீட்சைக் கால அட்டவணையின் கையில் ஒப்படைத்தன. அந்த அட்டவணைப்படி மெட்ரிகுலேஷன் பரீட்சை டிசம்பரில் நடந்தது; ஆகவே புதிய வகுப்பு ஜனவரியில் தொடங்கியது.

இதற்குச் சாட்சியாகக் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனின் பள்ளி வாழ்க்கையையே காட்டலாம். அவர் 1897 நவம்பரில் தொடக்கப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறி, 1898ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலின் முதல் பாரத்தில் (உயர்நிலை வகுப்புக்கு அக்காலத்துப் பெயர் பாரம்) சேர்ந்தார். 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் எழுதினார். 1904இல் கல்லூரியில் நுழைந்தார். முதல் பாரத்திலிருந்து ஆறாவது பாரம் வரை ஆறு படிகள், ஆறு ஜனவரிகள். ஜில்லாவில் முதலாவதாகத் தேறியதற்குப் பரிசாக அவருக்கு டவுன் ஹைஸ்கூலில் கிடைத்தது அரைச் சம்பளச் சலுகை. அவர் தந்தை ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிய எளிய குமாஸ்தா. அந்தச் சலுகை கிட்டியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணும்போது மனம் நடுங்குகிறது; ஏனென்றால், ஜில்லாவுக்கு முதல்வன் ஒருவன்தான் இருக்க முடியும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஏற்பாடு மாறியது. மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளியிறுதித் தேர்வு 1911இல் நடைமுறைக்கு வந்தது. பரீட்சைகள் பங்குனி, சித்திரைக்குச் சென்றன. வெயில் கொடுமையான மாதங்கள் விடுமுறையாயின. பள்ளி திறக்கும் காலம் ஜூனுக்கு நகர்ந்தது. கோடையில் அரசாங்கமே உதகமண்டலத்திற்குக் குடிபெயர்ந்துவிடும் காலம் அது. பிள்ளைகளுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா என்று கேட்டால் மறுப்பதற்கில்லை. ஆனால் காவிரிப் பாசனத்து உழவனின் கண்கொண்டு இதனை நோக்கினால் வேறொன்றும் தெரிகிறது. விஜயதசமி என்பது குறுவை அறுவடையை ஒட்டி வருவது. ஜனவரி என்பது சம்பா அறுவடை தொடங்கும் தை மாதத்தின் தலைவாசல். ஜூன் மாதமோ, குதிர் அடிகாணுகிற காலம். விதைநெல்லுக்கும் ஏருக்கும் ஆளுக்கும் கைம்மாற்று வாங்கிக்கொண்டு, ஆற்றில் புதுத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் காலம். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு ஜூன் 12ஆம் தேதி அணை திறப்பது வழக்கமாயிற்று. ஏறத்தாழ அதே வாரத்திலேதான் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் கட்டவேண்டியிருந்தது. வயலுக்கா, பிள்ளைக்கா என்று ஒரு தகப்பன் தன் மடியை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டிய மாதமாகக் கல்வியாண்டின் தொடக்கம் அமைந்தது, எவரும் வேண்டுமென்று செய்ததன்று என்பதே என் அபிப்பிராயம். ஆனாலும் அதன் பாரம் சுமந்தவர்களுக்குப் பாரமாகவே இருந்தது.

அக்காலத்து ஜூன் மாதத்தின் முதல் வாரத்தை அறிந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். ஜில்லா போர்டு ஹைஸ்கூல் ஒன்று ஒரு தாலுகாவுக்கே போதுமென்று கருதப்பட்ட அந்நாட்களில், ஏழெட்டு மைல் தூரத்திலிருந்து பிள்ளைகள் தூக்குவாளியில் பழையதை எடுத்துக்கொண்டு நடந்தே வருவார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் முழுவதும் ஊரிலே ஒரு ரகசியச் சந்தை நடக்கும்: மேல்வகுப்புக்குப் போகிறவனின் பழைய புத்தகத்தை அரைவிலைக்கு வாங்குவதற்குக் கீழ்வகுப்புப் பிள்ளைகள் அவன் வீட்டுத் திண்ணையில் தவம் கிடப்பார்கள். முதல் பக்கத்தில் அடிக்கப்பட்ட பெயர்கள் மூன்று, அதன்கீழ் நாலாவதாகத் தன் பெயர். ஓரங்களில் யாரோ எழுதிய விடைகள். மூலை மடிந்த தேசப்படம். அதற்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுவிட்டால், அன்றிரவு தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூக்கம் வரும். புத்தகம் மட்டும் கிடைத்துவிட்டால் போதாதே! அபராதமின்றிச் சம்பளம் கட்டக் கடைசி நாள், அபராதத்துடன் கட்டக் கடைசி நாள் என்று இரண்டு தேதிகளைத் தலைமையாசிரியர் அறிவிப்பார். இரண்டாவது தேதியும் தாண்டிவிட்டால், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரின்மீது சிவப்பு மையால் ஒரு கோடு விழும். மறுநாள் ஆசிரியர் பெயர்களை வாசிக்கும்போது, அந்த ஓரிடத்தில் மட்டும் நிற்காமல் அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவார். வகுப்பு முழுவதும் அந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டு மௌனமாக அமர்ந்திருக்கும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. பிறந்த தேதியைக் குறித்துவைக்கும் பழக்கமில்லாத வீட்டுப் பிள்ளைகளை, வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச்சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயதென்று கொண்டு, பள்ளியில் சேர்க்கும் அன்றைக்கு வயது கணக்காகப் பொருந்தும்படி ஒரு தேதியைத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் தாமே எழுதிவிடுவார். அந்தத் தேதியே உயர்நிலைப் பள்ளிக்கும், அங்கிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திற்கும், பிறகு உத்தியோகப் பதிவேட்டிற்கும் சென்று, ஆயுள் முழுவதும் நின்றுவிடும். நமது முதியோரில் எத்தனையோ பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தவர்களாகக் காகிதத்தில் காணப்படுவதற்கு இதுவே காரணம். அவர்களைப் பொறுத்தவரையில் பள்ளிக்கூடம் திறந்த மாதமே ஜன்ம மாதம்.

வாசலை நெருங்கவே இடம் பெறாதவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். ஆதி திராவிடர் பிள்ளைகளுக்கென்று கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றின் அருகே இலவசப் பள்ளி தொடங்கவேண்டியிருந்ததும், 1920களில் தொழிலாளர் இலாகாவே அவர்களுக்காகத் தனிப் பள்ளிகளை நடத்தவேண்டியிருந்ததும், பொதுப் பள்ளிகளின் கதவு எவ்வாறு இருந்தது என்பதற்குப் போதிய சான்றுகள். பெண்களின் நிலையோ, புதுக்கோட்டையில் முத்துலட்சுமி அம்மையார் வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேறவேண்டியிருந்ததிலிருந்து தெளிவாகும்.

கல்வியாண்டின் தொடக்கம் அரசியல் களமாகவும் மாறியதுண்டு. 1938 ஏப்ரலில் ராஜாஜியின் அரசாங்கம் 125 உயர்நிலைப் பள்ளிகளின் கீழ்ப் பாரங்களில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கி உத்தரவிட்டது. ஜூனில் பள்ளிகள் திறந்தபோது, சென்னையில் இந்து தியாலஜிகல் உயர்நிலைப் பள்ளி வாசலில் மறியல் தொடங்கி நடந்தது. சிறைப்பட்டவர்களில் நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர்நீத்தனர். 1940இல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 1953-54ஆம் கல்வியாண்டில் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் படிப்பு நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று வகுக்கப்பட்ட திட்டத்திற்கும் அத்தகைய எதிர்ப்பே எழுந்தது. அடுத்த ஆண்டு முதலமைச்சரான காமராஜர் அதனைக் கைவிட்டார்.

பின்வந்த பத்தாண்டுகளைப் பற்றி எழுதும்போது பேனா தானாகவே வேகங்கொள்கிறது. 1956இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் ஆரம்பமாயிற்று. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிவைத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராகப் பரவி, நிலமாகவும் கட்டடமாகவும் பெஞ்சாகவும் கடிகாரமாகவும் பள்ளி மணியாகவும் மக்கள் கையிலிருந்தே பள்ளிகளுக்குச் செல்வத்தைத் திரட்டித் தந்தன. ஒரே நிறச் சீருடை வந்தது. அது வந்த நாளிலிருந்து, முதல்நாள் வகுப்பில் எவன் வீட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சட்டை சொல்லுவது நின்றது. 1960இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்புவரை சம்பளம் நீக்கப்பட்டு, 1964இல் வருமான வரம்பு ஏதுமின்றி எல்லோருக்கும் அது நீங்கியபோது, சிவப்பு மைக் கோட்டிற்கு வேலையில்லாமற் போயிற்று. பல்லைப் பிடித்துப் பார்த்துப் பசுவின் வயதைச் சொல்லும் அனுபவசாலிகளைப்போல, பிள்ளையின் முகத்தைப் பார்த்தே 'இவன் ஜூலைவரை தாங்கமாட்டான்' என்று கணிக்கக் கற்றிருந்த ஆசிரியர்கள் அந்த வித்தையை மறக்கலானார்கள். 1978இல் மேல்நிலை வகுப்புகள் ஏற்பட்டு, பள்ளியிறுதித் தேர்வு பத்தாம் வகுப்பிற்கு இறங்கியது; பாரங்கள் என்ற சொல் அதற்கு முன்னரே வழக்கொழிந்து போயிருந்தது.

இன்று அரசுப் பள்ளி திறக்கும் நாளில் தலைமையாசிரியர் அறையில் கட்டுக்கட்டாகப் பாடநூல்கள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. வகுப்புத் தலைவனும் இரண்டொரு பிள்ளைகளும் அவற்றைத் தோளிலே சுமந்துவந்து மேசைமீது இறக்குகிறார்கள். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து போய் வாங்கிக்கொள்கிறார்கள். அரைவிலைக்கு எவர் வீட்டுத் திண்ணையிலும் காத்திருக்கவேண்டிய தேவையில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பங்கைப் பிரித்து, இன்னும் மை மணம் மாறாத முதல் பக்கத்தைத் தடவிப் பார்த்து, அடிப்பதற்கு வேறொரு பெயர் இல்லாத அந்த வெற்றிடத்தில், தன் பெயரை முதலாவதாக எழுதுகிறாள்.