பெங்களூரு பெரிய நந்தித் திருக்கோயில்

சிவாலயங்களில் நந்தியெம்பெருமான் கருவறைக்கு எதிரே, இறைவனை நோக்கியவராய் அமர்ந்திருப்பதையே அடியார்கள் கண்டு வழிபட்டு வருகின்றனர். பிரதோஷ வேளையில் அவருக்குச் சிறப்பு அபிஷேகம் நடைபெற்றாலும், அவர் ஈசனின் முதற்றொண்டராகவே போற்றப்படுகிறார். ஆனால், கருநாடக மாநிலத் தலைநகராகிய பெங்களூருவில் அவரே மூலவராய்க் கருவறையில் எழுந்தருளியிருக்கும் பழம்பெரும் ஆலயம் ஒன்று உண்டு. கன்னட மக்கள் அதனைத் 'தொட்ட பசவனகுடி' என வழங்குவர். 'தொட்ட' என்றால் பெரிய. 'பசவ' என்பது விருஷபம் என்னும் வடசொல்லின் திரிபு. 'குடி' என்பது கோயில்.

விஜயநகரப் பேரரசுக்குட்பட்ட குறுநிலத் தலைவரும், 1537ஆம் ஆண்டு பெங்களூரு நகருக்குக் கால்கோள் செய்தவருமான கெம்பே கௌடர் இவ்வாலயத்தை எழுப்பினார் என்பது வரலாறு. சுமார் 15 அடி உயரமும் 20 அடி நீளமும் உடைய இந்நந்தி ஒரே கல்லில் செதுக்கப்பெற்றது. காலங்காலமாகச் சாத்தப்பெற்ற எண்ணெய்க் காப்பினால் சாம்பல் நிறக் கல் கருமை பூண்டு பளபளக்கின்றது.

தல வரலாறு உழவர் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. முன்னாளில் இவ்விடம் சுங்கேனஹள்ளி என்னும் சிற்றூர். அங்கே விளைந்த நிலக்கடலையை இரவுதோறும் ஒரு காளை வந்து மேய்ந்து சென்றதாம். சினங்கொண்ட உழவர் ஒருவர் தடியால் அடிக்க, காளை அங்கேயே அமர்ந்து கல்லாகியது. அஞ்சிய ஊரார் அதற்குக் கோயில் எடுத்தனர். ஆயினும் கல் வளர்ந்துகொண்டே போயிற்று. அவர்கள் சிவபெருமானை வேண்ட, அவனருளால் நந்தியின் தலையில் இரும்புச் சூலம் பதிக்கப்பெற்று வளர்ச்சி நின்றதாம். தஞ்சைப் பெரிய கோயில் நந்தி வளராதிருக்க ஆணி அறைந்த கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் மக்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியரின் கடல் வாணிகத்தின் வழியே பாரதம் வந்த அப்பயிர், 19ஆம் நூற்றாண்டில்தான் தென்னகத்தில் பெருமளவு பயிரிடப்படலாயிற்று. எனவே, முன்பு கேழ்வரகையோ அவரையையோ மேய்ந்த காளை, பின்னாளில் கதை சொல்வோர் நாவில் கடலை மேய்ந்ததாக மாறியிருக்கக் கூடும். அதனால் கதையின் பெருமை குன்றிவிடவில்லை. முதல் விளைச்சல் பசவனுக்கே உரியது என்று உழவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட கடன்தான் அதன் உயிர்நாடி.

அக்கடன் 'கடலேகாயி பரிஷெ' என்னும் கடலைத் திருவிழாவாக இன்றும் செலுத்தப்படுகிறது. கன்னட நாட்காட்டியின்படி கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமையன்று நந்திக்குக் கடலை படைக்கப்பெறும். கோயிலை அடுத்த வீதியெங்கும் கடலை மலைமலையாகக் குவிந்திருக்கும்.

எனினும், அக்கடலை விளைந்த நிலம் அங்கே இப்போது இல்லை. 1898ஆம் ஆண்டு பெங்களூருவைக் கொள்ளைநோய் வாட்டியபோது, நெரிசல் மிகுந்த பழைய நகரிலிருந்து மக்களைக் குடியேற்றுவதற்கெனப் புதிய பகுதிகள் அமைக்கப்பெற்றன. கோயிலின் பெயரையே தாங்கிய பசவனகுடி அவற்றுள் ஒன்று. வயல்கள் வீடுகளாயின. இன்று கருநாடகத்தின் வேறு மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் உழவரும் வணிகரும் கடலை மூட்டைகளுடன் வருகின்றனர்.

நிலத்தைவிட நீரின் கதை துயரமானது. நந்தியின் திருவடியில் விருஷபாவதி என்னும் ஆறு தோன்றுவதாக ஐதிகம். ஒருகாலத்தில் தெளிந்தோடிய அவ்வாறு, நகரக் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்து கருநிறமாய் ஓடலாயிற்று. அது அர்க்காவதியில் கலக்க, அர்க்காவதி காவிரியைச் சேர்கின்றது. கடலையை மறவாது கொண்டுவரும் பக்தி, ஆற்றைக் காக்கும் பணியில் அந்த அளவு வெளிப்படவில்லை என்பதைச் சொல்லாதிருக்க இயலாது.

பெங்களூரு செல்லும் அடியார்கள் இவ்வாலயத்தின் அருகிலேயே உள்ள தொட்ட கணபதி சந்நிதியையும் தரிசிக்கலாம். அங்கே பாறையில் பேருருவாய் வீற்றிருக்கும் விநாயகருக்குச் செய்யப்பெறும் வெண்ணெய்க் காப்பு அலங்காரம் மிகவும் புகழ் பெற்றது.