செவ்வகமும் செம்மையும்

சதுரம் செவ்வகமா, அன்றா? இக்கேள்வியை வகுப்பில் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் "இல்லை ஐயா" என்றே விடை பகர்கின்றனர். ஒருமுறை ஒரு சிறுமி தான் வரைந்த செவ்வகம் முழுவதும் சிவப்பு வண்ணம் தீட்டி வந்தாள். காரணம் கேட்டேன். "பேருலயே சிவப்பு இருக்கே ஐயா" என்றாள். இவ்விரு பிழைகளுக்கும் மருந்து ஒன்றே. அச்சொல்லின் பொருளையும் வரலாற்றையும் நாம் தெளிதல் வேண்டும்.

செம்மை என்னும் பண்புப்பெயர்க்குச் சிவப்பு ஒரு பொருள். நேராதல், கோடாமை என்பது மற்றொரு பொருள். செங்கோல் என்பது சிவந்த கோலன்று, வளையாத கோல். அதன் மறுதலையே கொடுங்கோல். செங்குத்து என்பதிலும் இப்பொருளே நிற்கிறது. செம்மையோடு கோணம் சேருங்கால் மை விகுதி கெட, எஞ்சிய மகரம் ககரத்திற்கு இனமான ஙகரமாகத் திரிந்து செங்கோணம் ஆயிற்று. அதுவே 90 பாகைக் கோணம். நான்கு மூலையும் இவ்வாறு செம்மையுற அமைந்த நாற்கரம் செவ்வகம்.

பிற மொழியாரும் இவ்வாறே கருதினர். கிரேக்கர் செங்கோணத்திற்கு வழங்கிய 'ஆர்த்தோஸ்' என்னும் அடைக்கு நேரானது, நிமிர்ந்தது என்பது பொருள். ஆங்கில 'ரெக்டாங்கிள்' என்பதில் உள்ள 'ரெக்டஸ்' என்னும் இலத்தீன் சொல்லும் நேர் என்றே பொருள்படும். நம் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் மலாய்மொழியில் செங்கோணம் 'சூடுட் தெகாக்' எனப்படும். தெகாக் என்றால் நிமிர்ந்து நிற்பது. வேறு வேறு மொழியினர் ஒரே கருத்தைப் பற்றி நின்றமை எண்ணி மகிழத்தக்கது.

முன்னாளில் தமிழ்ப் பாடநூல்களில் சமகோணம், நீள்சதுரம் என்னும் பெயர்கள் வழங்கின. கலைச்சொற்கள் தமிழாய் இருத்தல் வேண்டுமா, வடமொழியாய் இருத்தல் வேண்டுமா என்னும் பூசல் சென்னை மாகாணத்தில் 1930-களிலும் 1940-களிலும் கடுமையாய் நிகழ்ந்தது. ஆதலின் நீள்சதுரம் போய்ச் செவ்வகம் வந்ததையும் மொழித்தூய்மை ஒன்றே கருதிய மாற்றமெனப் பலர் எண்ணுவர். அவ்வளவிற்றன்று. பெயர் மாறியபோது பொருளின் எல்லையும் மாறியது.

இதனைத் தெளிய யூக்ளிடின் நூலை நோக்குவோம். கி.மு. 300 அளவில் 13 பாகங்களாய் எழுந்த அவ்வடிவியல் நூலின் முதற் பாகத்து 22-ஆம் வரையறை, நாற்கரங்களை வகுக்கிறது. பக்கம் சமமாய்க் கோணம் செங்கோணமாய் இருப்பது சதுரம். கோணம் செங்கோணமாயினும் பக்கங்கள் எல்லாம் சமமல்லாதது வேறொன்று. இங்கே சதுரம் ஒரு சாதி, மற்றது வேறு சாதி. நம் நீள்சதுரம் என்பது இந்த இரண்டாவதற்கே பொருந்தும். நீண்டதே நீள்சதுரம் என்றால், நீளாத சதுரம் அதனுள் எங்ஙனம் அடங்கும்? ஆனால் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் அவரே செங்கோணமுடைய இணைகரம் என்று பேசுகிறார். அப்பெயர் நீட்சியைச் சொல்லாது கோணத்தையே சொல்லுதலால் சதுரத்தையும் தன்னுள் அடக்கும். செவ்வகம் என்னும் நம் சொல்லும் அத்தன்மையதே. நான்கு கோணமும் செம்மையாயின் அது செவ்வகம். பக்கங்களும் சமமாயின் அச்செவ்வகமே சதுரம். எனவே சதுரம் ஒவ்வொன்றும் செவ்வகமே. செவ்வகம் ஒவ்வொன்றும் சதுரம் அன்று.

"நீளமா இருந்தா செவ்வகம்" என்று இன்றும் நம்முள் சிலர் கற்பிக்கின்றனர். புதிய சொல்லை வாயில் வைத்துக்கொண்டு பழைய நீள்சதுரத்தையே மனத்தில் வைத்திருக்கிறோம். மேல்வகுப்பில் இணைகரம், சாய்சதுரம் என வடிவங்களை வகைப்படுத்த நேரும்போது பிள்ளை தடுமாறுவது இதனால்தான்.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. தச்சரின் மூலைமட்டத்தை வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். கிடைக்காவிடின் கெட்டி அட்டையில் 3, 4, 5 அங்குலப் பக்கங்களுடைய முக்கோணம் ஒன்றை வெட்டுங்கள். 9-உம் 16-உம் கூட்ட 25 ஆதலின் அதன் ஒரு மூலை செங்கோணமாகவே அமையும். கரும்பலகை, புத்தகம், சன்னல் ஆகியவற்றோடு ஒரு சதுரத் தாளையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் மட்டம் பொருந்தியவுடன், தாளின் நீளத்தை யாரும் கேட்கவில்லையே என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலைக் கல்விநூல் தீர்க்கும் என்பது நன்னூற் பாயிரம் உணர்த்தும் உவமை. பிள்ளைகள் மனத்தில் நூலிடுமுன் நம் சொல்லின் கோணலை நாம் தீர்த்துக்கொள்வோமாக.