வழிப்போக்கர் அவையினராதல்: பாரிஸ் நகரத் தெரு அரங்கு பற்றிய ஒரு நோக்கு

பிரான்சிய அரங்க வரலாறு கூறும் நூல்களில் பதினேழாம் நூற்றாண்டு பெரும்பாலும் கோர்ணெய், மொலியேர், ரசீன் ஆகிய மூவரோடு நிறைவெய்திவிடும். அதே காலத்தில் அதே நகரின் பாலத்திலும் சந்தையிலும் நின்று பாடியோரும், குட்டிக்கரணம் போட்டோரும், களிம்பு விற்றோரும் அடிக்குறிப்புகளிலேயே வாழ்கின்றனர். போகிறவர் வருகிறவரிடம் காசு பெற்றுப் பிழைத்த இவர்கள், பெருங்கூட்டமொன்றின் முன் முழு நாடகம் நடத்தவல்லோராக மாறியமை எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். தலைக்கு மேல் கூரை கிடைத்தபோது தெருக் கலைஞன் நடிகனானான் என எண்ணத் தோன்றும். ஆனால் வரலாற்றை உற்று நோக்குமிடத்து, கூட்டத்தைக் கட்டி நிறுத்தும் கலை கூரைக்கு முந்தியது என்பதும், சட்டம் அவர்களின் வாயை அடைத்தபோது அவர்களைக் காத்ததும் அக்கலையே என்பதும் புலனாகும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். செய்ன் நதியின் குறுக்கே 1578ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, நான்காம் ஹென்றியின் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நிறைவேறியது ‘பொன் நெவ்’ என்னும் பாலம். ‘புதிய பாலம்’ என்பது அதன் பொருள். அக்காலத்துப் பாலங்களில் இருபுறமும் வீடுகள் நெருங்கி நிற்பது வழக்கம்; நடப்பவனுக்கு நதி தெரியாது. புதிய பாலத்திலோ வீடுகள் இல்லை. பாதசாரிகளுக்கென உயர்த்தப்பட்ட நடைபாதைகளும் இருந்தன. எனவே பாரிஸ் நகர மக்கள் வேலை எதுவுமின்றியும் வந்து உலாவும் இடமாக அது மாறிற்று. பல் பிடுங்குவோர், பழைய நூல் விற்போர், பாட்டைப் பாடிப் பாட்டுத்தாளை விற்போர், கைவித்தை காட்டுவோர் எனப் பலரும் அங்கே கூடினர்.

இவர்களின் தொழில் முறை கவனிக்கத்தக்கது. பாலத்தில் பாடுபவன் நடந்து செல்பவனிடம் காசு பெறுகின்றான். கேட்பவன் ஒரு கணம் தயங்கி, ஒரு காசை இட்டு, அப்பாற் போய்விடுகின்றான். பாட்டுக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தாலும் கேட்பவனுக்கு அவை இல்லை; அவன் இடையில் வந்து இடையில் போகின்றவன். இத்தகைய தொழிலில் கதை வளர இடமில்லை. கதை வளரவேண்டுமெனில், வந்தவன் நிற்கவேண்டும். நின்றவன் இறுதிவரை நிற்கவேண்டும். அவ்வாறு நிறுத்திவைக்க வேண்டிய தேவை யாருக்கு ஏற்பட்டது? விந்தை என்னவெனில், அது கலைஞனுக்கு அன்றி மருந்து வியாபாரிக்கே முதலில் ஏற்பட்டது. மருந்து விற்பவன் காசு கேட்பது இறுதியில். முன்னதாகவே கூட்டம் கலைந்துவிட்டால் அவனது அன்றைய பிழைப்பும் கலைந்துவிடும்.

தபரான் என்னும் பெயரால் நகரமே அறிந்திருந்த அந்துவான் ஜிரார், மொண்டோர் என்னும் பெயர் பூண்ட அவனது சகோதரன் பிலிப் ஜிரார் ஆகிய இருவரும் ஏறக்குறைய 1618ஆம் ஆண்டளவில் மேடையிட்டது பாலத்தின் மேல் அன்று; அதனை ஒட்டியமைந்த தொபின் சதுக்கத்திலேயாகும். பாலம் மக்கள் ஓடும் வழி; சதுக்கமோ மூன்று பக்கமும் வீடுகள் சூழ்ந்த முக்கோண வெளி. ஓடும் நீரைக் குளத்தில் தேக்குவதுபோலப் பாலத்து வழிப்போக்கரை அவர்கள் சதுக்கத்தில் தேக்கினர் எனலாம். பலகை மேடை, பின்னால் ஓரிரு வாத்தியக்காரர், களிம்புகள் நிறைந்த பெட்டி ஒன்று. இவ்வளவே அவர்களின் மூலதனம்.

மொண்டோர் கற்றறிந்த வைத்தியனாக உடுத்தி நிற்பான். தபரான் அவனது வேலையாள். வேலையாள் அற்பமான ஒரு வினாவை எழுப்புவான். எசமான் பண்டைய அறிஞர்களைத் துணைக்கழைத்து நீண்ட விடை பகர்வான். வேலையாள் அதனைத் தள்ளிவிட்டு, பெரும்பாலும் அவையில் எடுத்துரைக்கத் தகாத ஒரு விடையைத் தானே கூறுவான். கூட்டம் சிரிக்கும், மருந்து விற்பனையாகும். இவ்வமைப்பின் நுட்பம் யாதெனில், வினா எழுந்ததும் கேட்போன் கால் நின்றுவிடுகின்றது. எசமானின் நீண்ட விடை அவனது பொறுமையைச் சோதித்தபோதிலும், வேலையாளின் மறுமொழி இன்னும் வரவில்லை என்பதால் அவன் அகலான். தபரான் தன் தொப்பியை மடித்தும் விரித்தும் பற்பல வடிவங்களாக்கிக் காட்டுவதிலும் பெயர் பெற்றிருந்தான். இத்தகைய உரையாடல்களோடு முழுக் கேலிநாடகங்களும் அம்மேடையில் நிகழ்ந்தன. 1622ஆம் ஆண்டிலேயே இவை நூலாக அச்சேறின என்பது அவற்றின் செல்வாக்குக்குச் சான்றாகும். தெருவில் நின்று கேட்டதை வீட்டிலிருந்து படிக்க விரும்பியோர் இருந்திருக்கின்றனர் அன்றோ!

கற்றோர் இதனை எவ்வாறு நோக்கினர்? மொலியேர் 1671ஆம் ஆண்டில் மேடையேற்றிய ஸ்காப்பான் நாடகத்தில் ஒருவனைச் சாக்கினுள் புகுத்தி அடிக்கும் காட்சி வருகின்றது. 1674ஆம் ஆண்டில் வெளிவந்த தமது கவிதையியல் நூலில் புவாலோ இதனைக் கண்டித்து, உரோம நாடகாசிரியரான தெரன்சோடு தபரானைக் கலந்துவிட்டார் என மொலியேரைக் குறைகூறினார். தபரான் மேடையை விட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அவனது பெயர் வசைச்சொல்லாகப் பயன்பட்டதெனில், தெரு அரங்கின் நினைவு எத்துணை ஆழமாயிருந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். புவாலோவின் கண்டனத்தை யான் தபரானுக்குக் கிடைத்த பட்டயமாகவே கருதுகின்றேன்.

அடுத்த கட்டம் சந்தைகளோடு தொடர்புடையது. சென் ஜெர்மேன் சந்தை பெப்ரவரித் தொடக்கத்தில் ஆரம்பித்துப் பாஸ்கா காலம்வரை நடைபெறும். சென் லோறன் சந்தை கோடை காலத்துக்குரியது. இங்கே கயிற்றில் நடப்போர், கழைக்கூத்தர், பாவைக்கூத்தர் ஆகியோர் கொட்டகைகள் அமைத்து வாயிலில் கட்டணம் பெற்றனர். காசு இறுதியிலிருந்து தொடக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆயினும் தெருவின் கலை மறையவில்லை. கொட்டகையின் முன்னுள்ள மாடத்தில் நின்று இலவசமாக ஒரு சிறு கூத்தை ஆடிக்காட்டி வழிப்போக்கரை உள்ளே ஈர்க்கும் ‘பராட்’ என்னும் வழக்கம் வேரூன்றிற்று. வாயிற்கூத்து என நாம் அதனை வழங்கலாம். 1678ஆம் ஆண்டில் சென் ஜெர்மேன் சந்தையில் அலார் சகோதரர் குழுவினர், காதலினதும் மாயவித்தையினதும் வலிமை பற்றிய நாடகமொன்றை நடத்தினர். கரணங்களுக்கிடையே உரையாடலும் கதையும் அதில் இடம்பெற்றன. வித்தை கதையாகத் தொடங்கியது.

தொல்லையும் அங்கேயே தொடங்கியது. 1680ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் கொமெடி பிரான்சேஸ் என்னும் அரங்கை நிறுவி, பாரிஸில் பிரெஞ்சு மொழி நாடகம் நடத்தும் உரிமையை அதற்கு மட்டுமே அளித்தான். இசைநாடகத்தின் தனியுரிமை ஏற்கெனவே லுல்லியின் தலைமையிலான ஒப்பெராவிடம் இருந்தது. பேச்சு ஒருவருக்கு, பாட்டு மற்றொருவருக்கு எனச் சொத்துப் பங்கிடுவதுபோலப் பங்கிட்டாயிற்று. சந்தைக்காரனுக்கு எஞ்சியது உடல் மட்டுமே. 1697இல் இத்தாலிய நாடகக் குழு பாரிஸிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, ஆர்லெக்கன் முதலிய அதன் பாத்திரங்களைச் சந்தைக் கொட்டகைகள் தமதாக்கிக்கொண்டன, கூட்டம் பெருகியது, அரச அரங்கின் நடிகர் வழக்குத் தொடுத்தனர். சென் ஜெர்மேன் மடத்தின் அதிபரான கர்தினால் தெஸ்திரே சந்தையின் பழைய சுதந்திரங்களைக் காட்டிச் சந்தையினர் பக்கம் நின்றார். சந்தை மடத்துக்குரியது, ஆதலால் அவரது பரிவில் வருமானமும் கலந்திருந்தது எனக் கொள்வதில் தவறில்லை. வழக்கில் அவர் வெற்றிபெறவில்லை.

1707ஆம் ஆண்டளவில் சந்தை மேடையில் உரையாடல் தடைசெய்யப்பட்டது. ‘உரையாடல்’ என்றால் இருவர் பேசுவது. ஆகவே ஒருவரே பேசினர். ஒருவன் உரக்கப் பேச, மற்றவன் சைகையால் விடையளித்தான். அல்லது காதில் இரகசியமாகக் கூற, முன்னவன் அதனைத் திருப்பி உரைத்தான். அல்லது பேசி முடித்தவன் உள்ளே ஓடிவிட, மற்றவன் வெளிவந்து பதிலுரைத்து ஓடினான். சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது, கூட்டமோ சிரித்தது. அரச நடிகரின் கம்பீரமான உச்சரிப்பைப் பொருளற்ற அசைகளால், ஆனால் யாப்பு வழுவாமல், பாவனை செய்து எள்ளியோரும் உளர். பொருளற்ற அசையைப் பேச்சென்று எந்த நீதிமன்றம் தண்டிக்கும்?

பேச்சு முழுவதும் தடைப்பட்டபோது, 1710ஆம் ஆண்டளவில், எழுத்து மேடையேறிற்று. நடிகன் தான் கூறவேண்டியதைத் தடித்த தாளில் எழுதிச் சுருட்டி வலப் பையில் வைத்திருப்பான். தருணம் வந்ததும் எடுத்து விரித்துக் காட்டி இடப் பையில் இட்டுக்கொள்வான். இது நடிப்புக்கு இடையூறாயிருந்தது. எனவே பின்னர் மன்மத வேடமிட்ட சிறுவர் இருவர் மேலிருந்து எழுத்துச் சீலையைத் தாங்கி இறங்கினர். அதில் இருந்தவை நகரமே அறிந்த மெட்டுகளுக்கு இயற்றப்பட்ட பாடல்கள். வாத்தியம் மெட்டைத் தொடங்கும். அவையிடையே குழுவினர் அமர்த்தியிருந்த சிலர் பாடுவர். உடனே அவை முழுவதும் சேர்ந்து பாடும். நடிகனோ வாய் திறவாமல் அபிநயித்து நிற்பான்.

இந்நிகழ்ச்சி சற்றுத் தரித்துச் சிந்திக்கத்தக்கது. நடிகர் பேசக்கூடாது, பாடக்கூடாது எனத் தடை இருந்தது. பார்ப்போர் பாடக்கூடாது என ஒரு தடையும் இல்லை. பாலத்திலே ஒரு கணம் தயங்கிப் போன வழிப்போக்கன், சதுக்கத்திலே இறுதிவரை நின்றான். இப்போது நாடகத்தின் வசனத்தையே தான் ஏற்றுக்கொண்டான். தெருவிலே தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்தோடு பேசிப் பழகிய ஒரு மரபுக்கன்றி, அரசவையில் வளர்ந்த அரங்குக்கு இது இயன்றிருக்குமா என்பது ஐயமே.

இம்முறையில் நடத்தப்பட்ட நாடகங்களுள் ஒன்று நமக்குத் தனிச் சுவை பயப்பதாகும். 1713ஆம் ஆண்டில் சென் ஜெர்மேன் சந்தையில் லெசாஜ் எழுதி ஆடப்பட்ட அந்நாடகத்தின் பெயர் ‘செரண்டிப் அரசன் ஆர்லெக்கன்’. செரண்டிப் என்பது அராபியர் நமது இலங்கைக்கு வழங்கிய பெயர். 1704 முதல் கல்லான் வெளியிட்டுவந்த ஆயிரத்தோரிரவுக் கதைகளின் மொழிபெயர்ப்பு வாயிலாகப் பாரிஸ் மக்கள் அப்பெயரைச் செவியுற்றிருந்தனர். கப்பல் உடைந்து இத்தீவில் ஒதுங்கிய ஆர்லெக்கன் கள்வரிடம் அகப்படுகின்றான். பின்னர் அந்நாட்டு வழக்கப்படி அந்நியனான அவனையே அரசனாக்குகின்றனர். ஒரு மாதம் கழிந்ததும் அவ்வரசனைத் தெய்வத்துக்குப் பலியிடுவதும் வழக்கமே. பெண் பூசாரியாக வேடமிட்டிருந்த பழைய தோழன் அவனை இனங்காண, அவர்கள் தப்பிச் செல்கின்றனர். நமது தீவைப் பற்றி அந்நாடகம் யாதும் அறியாது, அறிய முயன்றதுமில்லை. பலிக் காட்சி உயர் அரங்குகளின் இபிஜெனியா நாடகங்களை எள்ளுவது. எனினும் வாய் பூட்டப்பட்ட ஒரு கோமாளி இலங்கைக்கு அரசனாக, அவனுக்குரிய வரிகளைப் பாரிஸ் நகரத்துக் கூட்டம் பாடிக்கொடுத்தது என்பது நினைந்து மகிழத்தக்கதே. அரச அரங்கில் ‘தூர்காறே’ நாடகத்தை 1709இல் அளித்த லெசாஜ், அதன் நடிகரோடு பிணங்கிச் சந்தைக்கு எழுத வந்தவர் என்பதும் கருதத்தக்கது.

இதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். கடனில் ஆழ்ந்திருந்த ஒப்பெரா, பாடும் அனுமதியைச் சந்தையினருக்கு விலைக்கு விற்றது. 1715ஆம் ஆண்டில் ‘ஒப்பெரா கொமிக்’ என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. பொறாமை மீண்டும் தடையாகியது. 1722இல் ஒருவரே பேசலாம் என்ற நிலையில், பிரோன் என்பார் ஊழிவெள்ளத்தில் தனியே பிழைத்தவனைத் தலைவனாக்கி மூன்று அங்க நாடகம் எழுதினார். உலகில் ஒருவனே எஞ்சியிருந்தால் அவன் யாரோடு உரையாடுவான்! 1762ஆம் ஆண்டில் ஒப்பெரா கொமிக் அரச ஆதரவு பெற்ற இத்தாலிய நாடகக் குழுவோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென் ஜெர்மேன் சந்தையின் மரக்கூரை மண்டபம் தீக்கிரையாயிற்று.

அரண்மனைக்குள் ஏறியவர் ஏற, ஏனையோர் தெம்பிள் பெருவீதிக்குச் சென்றனர். அங்கே நிக்கொலே என்பவரின் அரங்கில் 1767இல் ஒரு குரங்கு, நோயுற்றிருந்த அரச அரங்க நடிகர் மொலேயைப் போலப் பாவனை செய்து நகரைச் சிரிக்கவைத்தது. 1791ஆம் ஆண்டுச் சட்டம் எவரும் அரங்கு நடத்தலாம் என்றது. 1807இல் நெப்போலியன் பாரிஸின் அரங்குகளை எட்டாகக் குறைத்தான். அப்பொழுதும் அப்பெருவீதியின் மாடங்களில் வாயிற்கூத்து நிகழ்ந்துகொண்டிருந்தது. பொபேஷ், கலிமாபிறே என்னும் இரு கோமாளிகள் அதில் பெரும்புகழ் பெற்றனர். உள்ளே கட்டணம், வெளியே இலவசம். வெளியே நடந்ததைப் பார்ப்பதற்கென்றே வந்து, உள்ளே நுழையாமல் திரும்பியோர் பலராவர். 1862ஆம் ஆண்டில் ஒஸ்மானின் நகரச் சீரமைப்பின்போது அவ்வரங்குகள் இடிக்கப்பட்டன.