டிரில் பீரியட் பட்டப்படிப்பான கதை



பிளஸ் டூ முடிவு வந்தாலே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். இந்த ஆண்டு அவற்றில் மூன்று ஒரே மாதிரி. "சார், பய பி.பி.இ.எஸ். படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். விளையாட்டப் போயி யாராச்சும் காலேஜ்ல படிப்பாகளா?" என்றார் பழைய மாணவர் ஒருவர். உறவில் ஒரு பெண், "மாமா, நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா. பி.காம். சேரச் சொல்லுங்க" என்றாள். இதற்குத் தொலைபேசியில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த வழியில், வரலாறாகவே சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிகளில் விளையாட்டு என்று தனியாக ஒரு பாடம் கிடையாது. இருந்தது 'டிரில்'. ராணுவத்தில் ஓய்வு பெற்று வந்தவர்களை டிரில் மாஸ்டராக வைத்துக்கொள்வார்கள். வரிசையில் நில், வலப்பக்கம் திரும்பு, கையைத் தூக்கு, இறக்கு. பையன்கள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி தாங்கும், எதற்காக அந்தப் பயிற்சி என்றெல்லாம் அந்த மாஸ்டருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லித் தர நம் மாகாணத்தில் ஓர் இடமே இல்லை.

அந்த இடம் 1920இல் சென்னையில் உருவானது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் 1919இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள்.

பக் எங்கே படித்தவர் என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. அங்கே உடற்பயிற்சித் துறையை வளர்த்த லூதர் குலிக் ஒரு மருத்துவர். அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டிக் கண்டுபிடித்ததுதான் கூடைப்பந்து. அங்கே படித்த வில்லியம் மார்கன் 1895இல் உருவாக்கியது வாலிபால். இன்று மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் திருவிழா என்றால் இரவில் விளக்குப் போட்டு வாலிபால் நடத்துகிறோமே, அந்த ஆட்டம் இந்தியாவுக்கு ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. மருத்துவம் தெரிந்தவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, உடம்பைப் பற்றிப் படித்து, அதற்கேற்ற ஆட்டத்தை யோசித்த இடம் அது. பக் சென்னைக்குக் கொண்டுவந்தது அந்த மனப்பான்மையைத்தான்.

அவர் கல்லூரியோடு நிற்கவில்லை. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடிய சி.கே. லட்சுமணன் கண்ணூர்க்காரர். கண்ணூர் அப்போது நம் சென்னை மாகாணத்தில் இருந்தது. லட்சுமணன் மருத்துவராகி, பிற்காலத்தில் இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக உயர்ந்தார். விளையாடினால் படிப்பு கெடும் என்கிறவர்களுக்கு நூறு வருடத்துக்கு முந்தைய பதில் இது. 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோது தோராப்ஜி டாடாவோடு சேர்ந்து உழைத்தவர்களிலும் பக் ஒருவர். 1943இல் அவர் காலமானார். அதற்குள் அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் விசில் ஊதத் தொடங்கியிருந்தார்கள். டிரில் மாஸ்டர் மெல்ல மெல்லப் 'பி.டி. மாஸ்டர்' ஆனார்.

இதே காலத்தில் உலகத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஏ.வி. ஹில் என்ற உடலியல் அறிஞர், தசை வேலை செய்யும்போது உண்டாகும் வெப்பத்தை அளந்து 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். அவரே ஓட்டக்காரர். ஓடுகிறவர் முதுகில் ஒரு பையைக் கட்டி, அவர் விடும் மூச்சைப் பிடித்து, உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்று கணக்கிட்டார்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்கு மேல் உடம்பால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தது. இன்றும் வீரர்களைச் சோதிக்கும்போது அந்த எல்லையைப் பார்க்கிறார்கள். 1927இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'களைப்பு' என்பதை ஆராயவே ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். அது 20 ஆண்டுகள் இயங்கியது.

இந்த அறிவு விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். அங்கே மாடிப் பேருந்து. ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஒரே வண்டி. ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம் வந்தது. வாக்கிங் போங்கள் என்று இன்று டாக்டர் நமக்குச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் ஆதாரங்களில் இது மிக முக்கியமானது. மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது இதை நான் நினைக்காமல் இருந்ததில்லை.

அமெரிக்காவிலும் இந்தப் படிப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1963இல் எழுதிய நூலில், உடற்கல்விக்கு மேற்படிப்பு எதற்கு என்று கடுமையாகக் கேட்டார். அடுத்த ஆண்டே பெர்க்லியைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் ஹென்றி ஒரு கட்டுரையில் பதில் சொன்னார். உடலியல், உளவியல், இயற்பியல் எல்லாவற்றிலும் மனித அசைவைப் பற்றிய பகுதிகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்துப் படிக்கும் துறை ஒன்று வேண்டும், அதுவே முறையான அறிவுத்துறைதான் என்பது அவர் வாதம். இன்று 'விளையாட்டு அறிவியல்' என்று பல்கலைக்கழகங்களில் நடக்கும் படிப்புக்கு அந்தக் கட்டுரை ஓர் அடித்தளம்.

இந்தியாவுக்குத் திரும்புவோம். 1857 எழுச்சியின் நூற்றாண்டில், 1957 ஆகஸ்ட் 17 அன்று, குவாலியரில் ஜான்சி ராணி லட்சுமிபாய் பெயரில் ஒரு தேசிய உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. பள்ளி முடித்த பிள்ளை மூன்று ஆண்டு படித்து உடற்கல்வியில் பட்டம் பெறும் முறை நாட்டில் அங்கேதான் முதலில் வந்தது. 1961இல் பாட்டியாலாவில் மகாராஜாவின் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. அது பயிற்சியாளர்களை உருவாக்கும் இடம். நம் பக்கத்தில், காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் எழுப்பிய கல்வி நிறுவனங்களின் வரிசையில் 1950களில் உடற்கல்விக் கல்லூரியும் சேர்ந்தது. மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்கள் பலர் அங்கே படித்தவர்கள்தான். 2005இல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. இப்போது வண்டலூருக்கு அருகே மேலக்கோட்டையூரில் இருக்கிறது.

சரி, இத்தனை படிப்பும் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு என்ன செய்யும்? நம் ஊர் உதாரணத்தையே சொல்கிறேன்.

மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலம். அங்கே பிறந்த ரேவதி வீரமணி சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டிதான் வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய அந்தப் பெண்ணைப் பார்த்தவர் மதுரையில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையப் பயிற்சியாளராக இருந்த கண்ணன். பேத்தியை அனுப்பப் பாட்டிக்குத் தயக்கம். அவர் வீடு தேடிப் போய்ப் பேசினார். லேடி டோக் கல்லூரியில் படிக்கவும் விடுதியில் தங்கவும் வழி செய்தார். ரேவதி அங்கே பி.ஏ. தமிழ் படித்தார். அப்போது அவர் ஓடியது 100, 200 மீட்டர். பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போனபின், அங்கிருந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் கலினா புகாரினா அவரை 400 மீட்டருக்கு மாறச் சொன்னார். 2021 ஜூலையில் பாட்டியாலா தகுதிப் போட்டியில் ரேவதி 53.55 விநாடியில் ஓடினார். அதே மாதம் 30ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த நால்வரில் அவரோடு சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இறுதிச் சுற்றுக்கு அணி போகவில்லை. ஆனாலும் சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே '200ஐ விட்டு 400 ஓடு' என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டத்தின் முதல் சில விநாடிகளுக்குத் தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சக்தி போதும். அதன்பின் உடம்பு சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் வேகமாக எரிக்கிறது. கால் கனக்கிறது. 400 மீட்டரின் கடைசி நூறில் அந்தக் கனத்தோடுதான் ஓட வேண்டும். எந்த உடம்பு அதைத் தாங்கும், பயிற்சியால் எவ்வளவு தாங்கவைக்கலாம் என்று கணிப்பதற்குப் படிப்பும் வேண்டும், பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும்.

வெற்றி பெறாத பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பு தேவை. ஆண்டுவிழா ஒத்திகையில் வெயிலில் நின்று பெண் பிள்ளைகள் மயங்கி விழுவதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்று சோடா கொடுத்து உட்காரவைப்பார்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டி இன்னொரு சுற்று ஓடவிட்டால் ஆபத்து. அதேபோல, உடம்பு மதுரை வெயிலுக்குப் பழக ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கோடை விடுமுறை முடிந்த முதல் வாரத்திலேயே கடும் பயிற்சி கொடுக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் கிரவுண்டில் நின்றால் எத்தனை பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள்!

ஆனால் நாம் அவரை எப்படி நடத்துகிறோம்? பத்தாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியடைக் கணக்கு வாங்கிக்கொள்ளும், மீதியை அறிவியல் வாங்கிக்கொள்ளும். பி.டி. சார் வாசலில் நின்று தாமதமாக வருகிறவர்களைப் பிடிப்பார். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உடலியலும் காயச் சிகிச்சையும் முறையாகப் படித்து வந்த இளைஞரை, ஆண்டு முழுவதும் விழாப் பந்தல் வேலைக்கும் வரிசை ஒழுங்குக்கும் மட்டுமே பயன்படுத்தினார்கள். அவர் பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு மாணவனின் உயரம், எடை, ஓட்ட நேரம் எல்லாம் அதில் எழுதியிருப்பார். அந்த நோட்டைத் தலைமையாசிரியர் அறையில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. ராணுவச் சிப்பாயை வைத்து நடத்திய அதே டிரில் காலத்துக் கண்ணோட்டத்தில்தான் நாம் இன்னும் நிற்கிறோம்.

இனி, கேட்டவர்களுக்கு நேரான பதில்.

பி.பி.இ.எஸ். என்பது பிளஸ் டூவுக்குப் பின் மூன்றாண்டு இளநிலைப் பட்டம். பி.பி.எட். என்பது ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பின் இரண்டாண்டு ஆசிரியர் படிப்பு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்றால் பி.பி.எட். பக்கம் பாருங்கள். உடலியல், உயிரி இயக்கவியல், விளையாட்டு உளவியல் என்று அறிவியல் பக்கம் போக ஆசை என்றால் முதுநிலை வரை படிக்கத் தயாராக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல் படித்திருந்தால் மிகவும் கைகொடுக்கும். பிசியோதெரபி வேறு படிப்பு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளியூர் அனுப்பப் பயமென்றால், உசிலம்பட்டி சாலையில் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியில் உடற்கல்வியை இளநிலைப் பட்டமாகவே படிக்கலாம். காரைக்குடியும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான்.

வேலை உடனே கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பி.காம். படித்தாலும் அந்த உறுதி இல்லை. அரசுப் பணியிடத்துக்குக் காத்திருக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் சம்பளம் குறைவு. இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு விளையாடப் பிடிக்குமா, இல்ல மத்தவங்களுக்குச் சொல்லித் தரவும், உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கவும் பிடிக்குமா?" விளையாட மட்டும் பிடிக்கும் என்றால் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அணியில் விளையாடலாம். ரேவதி படித்தது தமிழ்தானே. இரண்டாவதற்கு ஆம் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

2025 கடைசியில் இளையோர் ஹாக்கி உலகக்கோப்பை சென்னையோடு நம் மதுரையிலும் நடந்தது. ரேஸ்கோர்ஸ் பக்கம் பல நாட்டுப் பிள்ளைகள் ஆடியதை உங்களில் பலர் குடும்பத்தோடு போய்ப் பார்த்தீர்கள். ஒவ்வொரு அணியோடும் பயிற்சியாளரைத் தவிர காயம் பார்க்க, உணவு பார்க்க, ஓட்டத்தை அளக்க என்று ஆட்கள் வந்திருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஆட்கள் வேண்டாமா? அவர்கள் நம் வீடுகளிலிருந்துதானே வர வேண்டும்?

என்னிடம் படித்தவர்களில் உடற்கல்வித் துறையில் இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள். எங்கே படித்தீர்கள், எவ்வளவு செலவானது, இப்போது என்ன வேலை என்று சொன்னால் இந்தப் பெற்றோர்களுக்கு என் பதிவைவிட அதிகம் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்